மேட்டுத் தெருவின் தேவை

தங்கை வேலை பார்த்தது குடிநீர் வாரியத்தின் திட்டப் பிரிவில். இருபது வருடம் கழித்து ஊருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், எந்தத் தெருவுக்கு எவ்வளவு பெரிய குழாய் போட வேண்டும் என்று இன்றைக்கே சொல்கிற வேலை. நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பவர்கள்தான் அங்கே எல்லோரும். ஆனால் இருபது வருடத்தை மட்டும் அடித்துப் பேசுவார்கள். அவளும் பேசுவாள்.

அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அக்கா. தையல் மெஷினை மிதித்து மிதித்தே ஆளாக்கினாள். அக்காவும் மாமாவும் இருந்தது மேட்டுத் தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். மேட்டுக்குத் தண்ணீர் சரியாக ஏறாது. தெருமுனைக் குழாயில் நூலாக ஒழுகுவதைப் பிடித்து, வாளி வாளியாக மாடிக்குச் சுமப்பாள் அக்கா. மாமா பக்கவாதத்தில் படுத்த பிறகு துவைக்கிற துணியும் கூடிப்போனது.

போன திட்டத்தில் அந்தத் தெருவின் தேவையைக் கணக்கிட்டது தங்கைதான். எப்படி? அந்தப் பிரிவில் காலங்காலமாகச் செய்கிறபடிதான். தெருவுக்குள் போகும் குழாயின் மீட்டரைப் பார்ப்பார்கள். இதுவரை எவ்வளவு ஓடியதோ அதுதான் தேவை, மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். மேட்டுத் தெருவில் குறைவாக ஓடியிருந்தது. ஆகவே தேவை குறைவு, ஆகவே சின்னக் குழாய் போதும். தண்ணீரே ஏறாத இடத்தில் மீட்டர் எப்படி ஓடும் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பட்டினியாகப் படுத்தவனைப் பார்த்து, இவனுக்குச் சாப்பாடே தேவையில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டிய கதைதான். மேலதிகாரி வேறு, "சிக்கனமான ஜனங்கம்மா" என்று மெச்சினார்.

அக்கா வாளியோடு படியில் விழுந்த அன்றுதான் தங்கைக்கு அது உறைத்தது. தூக்கி உட்காரவைத்ததும் அக்கா கேட்டது, "தண்ணி முழுக்கக் கொட்டிடுச்சா?" என்றுதான். இடுப்பில் பலத்த அடி. இனிமேல் கனம் தூக்கினால் நடமாட்டமே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எங்க வீட்டுக்கு வந்துடுக்கா" என்று எவ்வளவோ கெஞ்சியும் அக்கா பிடிகொடுக்கவில்லை. படுத்த மனுஷனையும் மெஷினையும் இழுத்துக்கொண்டு எங்கே போவாள்?

"போன கணக்கு நான் போட்டதுதான்க்கா. தப்பாப் போட்டுட்டேன்" என்று தங்கை அழுதாள்.

"நீ போட்டதா? நீ எதுக்குத் தப்பாப் போடப்போறே? சும்மா இரு" என்றாள் அக்கா.

புதுத் திட்டம் போடும் வேளை வந்தது. இந்த முறை மீட்டரை நம்பக்கூடாது, வீடு வீடாகக் கேட்க வேண்டும் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். மேலதிகாரி வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். "சரி, ஜனங்க சொல்றதை அப்படியே போட்டுடறேன். அப்புறம் மாத்தச் சொல்லக் கூடாது. உங்க அக்கா தெருவுக்கு நீங்க போகவும் வேணாம்." நியாயம்தானே, வேறு ஆட்கள் போனார்கள்.

திரும்பி வந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "மேட்டுத் தெருவுல இப்ப வர்றதே போதும்னுட்டாங்க மேடம். ஒரு வீடு விடாம."

"பாத்தீங்களா, மீட்டர் பொய் சொல்லுமா?" என்ற மேலதிகாரி அன்றே திட்டத்தை ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த திட்டம் இனிப் பத்து வருடம் கழித்துத்தான்.

தங்கை மூச்சிரைக்க மூன்று மாடி ஏறினாள். அக்கா மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்து கேட்டாங்கடி. கேக்க வருவாங்கன்னு நீ சொன்ன அன்னிக்கே நான் வீடு வீடாப் போய்ச் சொல்லி வெச்சுட்டேன். பத்தலைன்னு யாராவது சொன்னா உன் கணக்கு தப்புன்னு ஆயிடும்ல? உன் வேலைக்கு வம்பு வந்துட்டா? எல்லாரும் போதும்னு சொல்லிடுங்கன்னேன். பாவம், ஒருத்தரும் மறுக்கலை."

தங்கை அக்காவின் இடுப்பையே பார்த்தாள். அந்த இடுப்போடு இவள் எத்தனை படி ஏறி இறங்கியிருப்பாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"ஏன் ஒரு மாதிரி இருக்கே? நான் செஞ்சது சரிதானே?"

"சரிதான்க்கா."

தண்ணீர் வரும் நேரம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அக்கா எழுந்து வாளியை எடுத்தாள். தங்கை அதைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். குழாயடியில் நின்ற பெண்கள் அவளை அடையாளம் கண்டு சிரித்தார்கள். முன்னால் நின்றவள் தன் வாளியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டாள்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?" என்று கேட்டாள்.