தட்டிக்கு அந்தப் பக்கம் அல்ஜீப்ரா

போன செவ்வாய்க்கிழமை என் மகள் வசந்தியை ஹைஸ்கூலில் சேர்க்கப் போயிருந்தேன். அட்மிஷன் பாரத்தை என்னிடம் நீட்டும்போதே ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தது. கணக்குக்குப் பதில் டொமஸ்டிக் சயின்ஸ்!

"நான் கணக்குதானே கேட்டேன்?" என்றேன்.

"பேடம்மா, வேணாம்..." என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ், பரிவாகத்தான். "பொண்ணுங்க தலை அதுக்குத் தாங்காது. எதுக்கு வீணா ஃபெயிலாவணும்? இதுன்னா பூரி சுட்டே பாஸாயிடலாம்."

சொன்னவரும் ஒரு பெண்பிள்ளைதான். எனக்கு வந்ததே ஒரு கோபம்! பாரத்தை அப்படியே வாங்கி மடித்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். வசந்தி என் பின்னாலேயே வந்தாள்.

பஸ்ஸில் வரும்போது குணாதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

மர்பி டவுனில் நானும் குணாவும் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. அப்போதுதான் சுதந்திரம் வந்திருந்தது — எங்களுக்கல்ல, நாட்டுக்கு. எங்கள் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு அல்ஜீப்ரா நடக்கும் பீரியடில் பெண்களுக்குத் தையல். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. வாத்தியார் குரல் தெளிவாகக் கேட்கும், போர்டு மட்டும் தெரியாது.

நாங்கள் காஜா எடுத்துக்கொண்டே கேட்போம். எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. குணாவுக்கோ பையன்கள் யோசிக்கும் முன்னால் விடை வந்துவிடும். என் காதில் மட்டும் சொல்வாள்.

ஒருநாள் தைரியமாகப் போய், "சார், என்னையும் அந்தக் கிளாஸ்ல சேத்துக்குங்க சார்" என்று கேட்டேவிட்டாள். வாத்தியார் எல்லோர் முன்னாலும் அவளை போர்டுக்குக் கூப்பிட்டார். ஒரு தோட்டம், நீளம் அகலத்தைவிட ஓரடி கூட, பரப்பு ஐம்பத்தாறு சதுர அடி. அகலம் என்ன?

குணா எழுதினாள். 'அகலத்தை எக்ஸ் என்று வை. எக்ஸை எக்ஸால் பெருக்கு. அதோடு எக்ஸைக் கூட்டு...' இப்படியே போர்டு நிறைய வாக்கியம். அல்ஜீப்ராவை அவள் காதால் கேட்டிருக்கிறாளே தவிர, கண்ணால் பார்த்ததில்லையே! கடைசியில் 'ஏழு' என்று எழுதினாள்.

ஏழுதான் சரி.

"கணக்குப் போடச் சொன்னா கட்டுரை எழுதறா பாரு!" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. விடை சரியா என்று ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன்... அவள் பக்கம் நின்றால் என்னையும் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயம். பாவி நான்.

"வாத்தியாரே இவளுக்குப் படிப்பு ஏறாதுன்னுட்டாரு. இன்னா பண்றது?" என்று அவள் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். தை பிறந்ததும் கோலார் தங்கவயலில் கட்டிக்கொடுத்தார்கள். பதினெட்டு வயதில், இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள்.

நான் மட்டும் கெட்டிக்காரியாகப் பிழைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து யார் கணக்கு கேட்டாலும், "அய்யோ, எனக்கு வராதுப்பா" என்று சிரித்துவிடுவேன். தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னால் யார் அடிக்கப் போகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் வசந்தியை உட்காரவைத்துச் சொன்னேன். "நாளைக்கு அந்தம்மாவை நான் ஒரு கை பாக்கறேன். நீ பயப்படாத."

"சண்டை வேணாம்மா. எனக்குக் கணக்கு வராது."

"போன பரீட்சைல எண்பத்திநாலு வாங்கினியேடி! வராதுன்னு எவ சொன்னா?"

அவள் கொஞ்சமும் கோபமில்லாமல் என்னைப் பார்த்தாள்.

"நீதாம்மா. எப்ப சந்தேகம் கேட்டாலும், 'அப்பாகிட்ட போ, நம்ம பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வராது'ன்னு சிரிப்பியே?"

ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் என்னையே கேட்டுக்கொள்ள மிச்சம்.

குணாவின் வாத்தியார் பாதியில் விட்ட வேலையை, வீட்டில் உட்கார்ந்து நான் முடித்திருக்கிறேன்.