உம்மா நடந்த கரையும் காடும்

அளவற்ற அருளாளனை நினைத்து இதைத் தொடங்குகிறேன். உம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு உம்மாவின் வாழ்க்கையை எழுதித் தரும்படி எங்கள் மூத்த சகோதரரான காக்கா கேட்டபோது, அது பெரிய வேலையில்லை என்றுதான் நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், உம்மாவைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்று விளங்கியது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத மனம் இடந்தரவில்லை. குழப்பத்தோடேயே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உம்மா மருதமுனையில் பிறந்தார். பதினொரு வயதில் தாயாரை இழந்தார். பள்ளிக்கூடம் போவதும் அன்றோடு நின்றது. இரண்டு தம்பிமாருக்கும் சமைத்துப் போட்டு, தறிக்காரருக்கு நூல் சுற்றிக் கொடுத்து, வேலிக்கு வெளியே அதிகம் போகாமலே வளர்ந்தார். பதினெட்டு வயதில் சாய்ந்தமருதைச் சேர்ந்த வாப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். எங்கள் பக்க வழக்கப்படி வாப்பா உம்மாவின் வீட்டுக்கு வந்து குடியேறினார். கல்முனை டிப்போவில் பஸ் சாரதியாக இருந்தார். பொத்துவில் ரோட்டில் போய்வருவதே அவருடைய வேலை.

இறப்பு நடந்த மையத்து வீடு என்றால் முதல் ஆளாகப் போய் அடுப்பு மூட்டுவார் உம்மா. கோபம் வந்தால் ஒரு சொல்லும் பேசமாட்டார். கழுவிய பாத்திரங்களையே திரும்பவும் கழுவுவார். ஆனால் ஊரில் பலரும் உம்மாவை நினைவில் வைத்திருப்பது இதற்காக அல்ல. குடும்பத்தோடு சும்மா நடந்து திரிந்ததற்காகத்தான்.

அது எழுபத்தேழாம் ஆண்டளவில் தொடங்கியது. வாப்பாவுக்கு லீவு கிடைத்தால், விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வாப்பா, உம்மா, காக்கா, நான், தங்கச்சி ஐந்து பேரும் புறப்படுவோம். சில நாள் கடற்கரையோடு காரைதீவு வரை நடந்து, திரும்பும்போது பஸ் ஏறுவோம். சில நாள் திருக்கோவிலில் இறங்கித் தாழம்புதர் ஓரமாக மணலில் நடப்போம். பாலைப்பழக் காலத்தில் சாகாமத்துக் குளக்கட்டைத் தாண்டிக் காட்டுக்குள் போவோம். சோற்றுப் பொதி உம்மாவின் கையில், தண்ணீர்க் கேன் வாப்பாவின் தோளில்.

அந்நாளில் எங்கள் பெண்கள் இப்படிப் போவதில்லை. வழியில் கண்டவர்கள் யாரோ இறந்துவிட்டார்களோ என்று பதறிக் கேட்பார்கள்.

"குடும்பத்தோட எங்க போறீங்க? ஆரும் மௌத்தா?"

"இல்ல. சும்மா நடக்கிற" என்பார் வாப்பா.

"சும்மாவா? பொம்புளப் புள்ளகளையும் கூட்டிக்கிட்டா?"

வாப்பா சிரிப்பார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மண்ணைப் பார்ப்பார். வீடு வந்ததும் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "அடுத்த லீவுக்கு நான் வரமாட்டன்" என்று சொல்வார். அடுத்த லீவு நாளில் முதலில் எழும்பிச் சோறாக்குவதும் அவர்தான்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போயிற்று. வளவுக்குள் ஒரு தென்னைதான் மிஞ்சியது. சில கிழமைகள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கினோம். நனைந்த அரிசியை உம்மா வெயிலில் பரப்பி, கிளறிக் கிளறிக் காயவைத்து, பக்கத்துக் குடும்பங்களுக்கும் பங்கிட்டார். நடப்பதெல்லாம் இதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

மறு வருடம் பாலைப்பழக் காலம் வந்தது. "சாகாமத்துக்குப் போவமா?" என்று ஒருவர் கேட்டார். கேட்டது யார் என்பதில் எங்களுக்குள் இன்றைக்கும் வழக்குத்தான். வாப்பா என்கிறார் காக்கா. உம்மா என்றுதான் எனக்கு ஞாபகம்.

போனோம். காடு பழைய காடாக இல்லை. பெரிய மரங்களெல்லாம் வேரோடு சரிந்து பாதையை மூடிக் கிடந்தன. வாப்பா முன்னே போய்க் கொப்புகளை விலக்கினார். கொஞ்ச நேரத்தில் ஒரு வீரை மரம் குறுக்கே விழுந்து கிடந்தது, சுற்றிப் போனோம். மறுபடி ஒரு வீரை மரம். மூன்றாம் தடவை வந்தபோது அதன்மேல் தங்கச்சி போட்டுவிட்டு வந்த பாலைப்பழக் கொட்டைகள் இருந்தன. வந்த இடத்துக்கே வந்திருந்தோம். பக்கத்தில் யானை லத்தி, ஆவி பறக்க.

வாப்பா நாலு பக்கமும் பார்த்துவிட்டு உம்மாவிடம் திரும்பினார். இத்தனை வருடம் பஸ் ஓட்டிய மனிதரின் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டிராத சொல் வந்தது.

"புள்ள, எனக்கு வழி தெரியா."

தங்கச்சி வீரிட்டு அழத் தொடங்கினாள். காக்கா மரமேறப் பார்த்தார். உம்மா தங்கச்சியின் வாயைப் பொத்தி மடியில் இருத்திக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"இருங்க. ஒருத்தரும் கதைக்காம இருங்க."

இருந்தோம். எனக்கு இலைகள் அசைவது மட்டுமே கேட்டது.

"அந்தா, குளத்து மடையால தண்ணி பாயுற சத்தம்" என்றார் உம்மா.

"எனக்குக் கேக்கல்லயே" என்றார் வாப்பா.

"எனக்குக் கேக்குது. வாங்க."

அன்று உம்மா முன்னே போனார், வாப்பா பின்னே வந்தார். முட்செடிகளுக்குள் குனிந்து, உம்மாவின் சாறி கிழியக் கிழிய நடந்தோம். பிறகு எங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. வாய்க்கால் தென்பட்டது; அதைப் பிடித்துக் குளக்கட்டுக்கு வந்து சேர்ந்தோம். உம்மா கரையில் இருந்து காலைத் தண்ணீருக்குள் விட்டார்.

அங்கே எருமை மேய்த்துக்கொண்டிருந்த திருக்கோவில் பெரியவர் ஒருவர் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தார். வாப்பாவைக் கடிந்துகொள்ளவும் செய்தார்.

"ஆன நிக்கிற காடு தம்பி. சின்னப் புள்ளகளோட என்னத்துக்கு இதுக்க வந்தீங்க?"

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா வாப்பாவைப் பார்த்தார். 

அன்று தங்கச்சியைத் தூக்கி வந்தது உம்மா என்கிறாள் அவள். வாப்பாவின் தோளில் அவள் தூங்கியதை நான் கண்டேன். யானையையே கண்டதாகக் காக்கா சொல்கிறார்; நான் லத்தியைத்தான் கண்டேன். எதைச் சரி என்று எழுதுவது?

பிறகும் பல தடவை போனோம். எண்பத்தைந்தின் தமிழ்-முஸ்லிம் கலவரங்களுக்குப் பின் தெற்கே போக முடியவில்லை. தெரிந்த ஊர்களே அந்நிய ஊர்களாகிவிட்டன. அந்த எருமைக்காரப் பெரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று உம்மா எப்போதாவது கேட்பார்.  ஊர்க் கடற்கரையில் மட்டும் நடந்தோம். பிறகு, ஐம்பது வயது ஆகுமுன்னே, உம்மாவுக்கு இருதய வருத்தம் வந்தது. வாசலுக்கும் கிணற்றுக்கும் நடப்பதே பெரும்பாடாயிற்று.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் உம்மாவின் காலை அமுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"உம்மா, அந்த நடையெல்லாம் உங்களுக்கு விருப்பமா இருந்திச்சா?"

"எனக்கா? எனக்கு முள்ளும் மணலும் என்னத்துக்கு மகள்? உங்கட வாப்பா கிழமையெல்லாம் பஸ்ஸுக்குள்ள அடஞ்சு கிடக்கிற மனிசன். லீவு நாளையில காத்துப்பட நடந்தா அவருக்கு மனசு ஆறும். அவருக்காகத்தான் வந்தன். அவருக்கிட்டச் சொல்லிராத."

நான் சொல்லவில்லை.

கடைசிக் காலைப்பொழுதில் வாப்பா கட்டிலருகே வந்து இருந்தார். உம்மா கண்ணைத் திறந்து, "இண்டைக்கு லீவா?" என்று கேட்டார். அன்று வாப்பாவுக்கு லீவு இல்லை. வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார். "ஓம் புள்ள, லீவுதான்" என்றார்.  நண்பகல் லுஹருக்கு முன் உயிர் பிரிந்தது. அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. புறப்பட ஆசைப்பட்டா, அல்லது வாப்பா களைத்திருக்கிறார், காற்றுப்பட நடக்கட்டும் என்றா?

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து எல்லோரும் போன பிறகு வாப்பா தாமாகவே பேசத் தொடங்கினார்.

"உங்கட உம்மா வேலிக்குள்ளயே வளந்தவ. கலியாணம் முடிச்ச புதுசில ஒரு நாள் கேட்டா, நீங்க ஓட்டிப் போற ரோட்டில காடு, கடலெல்லாம் எப்பிடி இருக்கும் எண்டு. நான் ஒழுங்காப் பதில் சொல்லல்ல. அது மனசில கிடந்துக்கிட்டே இருந்திச்சி. பொம்புள ஆசப்பட்டா எண்டா ஊர் கதைக்கும். அதான் என்ட பைத்தியம் எண்டு சொல்லிக் கூட்டிப் போன. உள்ளதச் சொன்னா, பஸ் ஓட்டி வந்த மனிசனுக்கு லீவு நாளையில பாயில கிடந்தாப் போதும்."

உம்மா சொல்லவேண்டாம் என்றதை அப்போது வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். சரியா பிழையா என்று யோசிக்கவில்லை.

 வாப்பா, கணக்குப் பிழைத்த பிள்ளை ஆசிரியரிடம் கேட்பதுபோலக் கேட்டார்:

"அப்ப ஆருதான் ஆசப்பட்ட, மகள்?"

எனக்குத் தெரியாது, வாப்பா. எழுதினால் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை.

உம்மாவின் நோயில் இரவு பகல் பாராமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், உம்மாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்திய சாச்சிமாருக்கும், தோள் கொடுத்த மஹல்லாவாசிகளுக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு அனுப்பிய அயலவர்களுக்கும், வாப்பாவின் முறையையும் சேர்த்து ஓட்டிய சக சாரதிமாருக்கும் எங்கள் நன்றி. அல்லாஹ் உம்மாவின் கப்றுக் குழியை வெளிச்சமாக்குவானாக. அதற்காக நீங்களும் கையேந்துங்கள்.

இன்னுமொரு வேண்டுகோள். வாப்பா இப்போதும் லீவு நாளில் மாலை அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போகிறார், தனியாக. எங்களைக் கூப்பிடுவதில்லை; கூடப் போனால் திரும்பி வந்துவிடுகிறார். வழியில் காண்பவர்கள் எங்கே போகிறீர்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஸலாம் சொல்லிவிட்டுக் கொஞ்சத் தூரம் கூட நடங்கள்.