அம்மாவின் அடுப்புக்காக அய்யா செய்தவை

எங்கள் அய்யா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலருக்கு அவரைச் சாயல்குடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவராகத்தான் தெரியும். கடையை அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து அவர் செய்த வேலையை மகளாகிய நான் சொல்லியாக வேண்டும்.

முதுகுளத்தூர்ப் பக்கம், மழையை நம்பி மிளகாய் போட்ட குடும்பத்தில் அய்யா மூத்தவராகப் பிறந்தார். மழை தொடர்ந்து ஏமாற்றியதும் மதுரைக்குப் போய் ரேடியோ வேலை கற்றார். எழுபதுகளின் நடுவில் சாயல்குடியில் கடை போட்டார். அம்மாவைக் கைப்பிடித்ததும் அப்போதுதான். என் தம்பி நடக்கப் பழகிய சமயத்தில் அம்மாவுக்குப் பார்வை மங்கியது. கண்ணில் அழுத்தம் என்றார்கள். மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்தும் பார்வை மிஞ்சவில்லை.

ஒரு காலையில் பால் பொங்கும் சத்தம் கேட்டுப் பதறிய அம்மா கையைத் தீயில் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அய்யாவே சமைத்துவைத்துவிட்டுக் கடைக்குப் போனார். மாதக்கணக்கில் அப்படி ஓடியது. இருவரும் களைத்துப்போனார்கள். கடைசியில் அம்மா வாய் திறந்தார்.

“எனக்குக் கண்ணுதான போச்சு, கையுமா போச்சு? என் அடுப்பை எங்கிட்டக் குடுங்க.”

அய்யா ஒரு பெட்டி செய்தார். அதிலிருந்து பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு கம்பிகள் தொங்கும். பால் பொங்கி அவற்றைத் தொட்டால் மணி அலறும். அம்மா முகம் சுளித்தார்.

“ஏங்க, இது பால் காயிறதச் சொல்லுதா, இந்த வீட்ல ஒரு குருடி இருக்கான்னு தெருவுக்குச் சொல்லுதா?”

அய்யா மணியைக் கழற்றி மெல்லிய முனகல் ஒலியாக மாற்றினார். பித்தளைக் கம்பி மோர்க்குழம்பில் வாடை ஏற்றியது. அதற்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியை வெட்டிப் போட்டார். புளிக்குழம்பின் ஆவி பட்டே அது கத்தியது, மறுபடி பிரித்தார். ஒருநாள் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு தாமே சோதித்து, “நல்லாத்தான இருக்கு” என்றார்.

“ஒங்களுக்குத் துண்ட அவுத்துக்கிடலாம்னு தெரியுமுல்ல. நான் சொல்றதக் கேட்டுச் செய்ங்க” என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அம்மா தொட்டுப் பார்த்து ஒத்துக்கொள்ளாத எதையும் அய்யா மூடித் திருகவில்லை. அடுப்புத் திருகில் விரலுக்குத் தட்டுப்பட எந்த இடத்தில் மேடு வேண்டும், பெட்டி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அம்மாவின் முடிவு. அம்மா மறுபடி சோறு வடித்தார்.

செய்தி பரவியது. பார்வை போன பலர் தேடி வந்தார்கள். அவர்களில் பாம்பனிலிருந்து வந்த அண்ணன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், தனியாள். அவர் பெட்டியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எங்க வீட்ல அடிக்கிற காத்துல இது எங்கன கேக்கும்? கையில ஒதறுற மாதிரி செய்ங்கண்ணே. தூண்டில்ல மீனு கடிச்சா கைக்குத் தெரியும்ல, அப்புடி.”

பழைய டேப் ரெக்கார்டர் மோட்டாரின் அச்சில் ஒரு பக்கமாக ஈயம் பற்றவைத்து, சுழலும்போது பெட்டி உதறும்படி அய்யா அதைச் செய்துமுடிக்கப் பல மாதங்களாயின. பாம்பன் அண்ணன் நான்கைந்து முறை திருப்பிக் கொடுத்தபின்தான் அது அவருக்குச் சரிப்பட்டது.

வேலை முடிவதாக இல்லை. உப்புக்காற்றில் கம்பிகள் துருப்பிடித்தன. கொடுத்தவையெல்லாம் பழுதாகித் திரும்பி வந்தன. ஒவ்வொருவர் வீடும் ஒவ்வொரு மாதிரி. ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு உதவவில்லை. துணிப்பையோடு பஸ் ஏறி இறங்கி அய்யாவின் முழங்கால்கள் தேய்ந்தன. “போதும்யா, விடுங்க” என்று தம்பி சொன்னால், “விட்டா அவுக பச்சத்தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கிருவாக” என்பார். அதைப் பெருமையாகச் சொன்னதில்லை; அலுப்போடுதான் சொன்னார்.

கடைசி இரண்டு ஆண்டுகள் பக்கவாதத்தால் படுத்தபடியே கிடந்தார். கஞ்சி காய்ச்சி, ஆற்றி, ஊட்டியது அம்மாதான். எங்களை விடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அழைக்கும்போதெல்லாம் வண்டி எடுத்து வந்த எதிர்வீட்டுப் பாய்க்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், காரியங்களைத் தம் வீட்டுக் காரியமாகச் செய்த மாமன்மாருக்கும் எங்கள் வணக்கம். பாம்பன் அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அய்யா மறைந்த அன்று யார் துணையும் இல்லாமல் பஸ் மாறி வந்து, அய்யாவைக் கிடத்தியிருந்த இடத்தில் உட்கார்ந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“என்ன தாயி, வெரல் பூராவும் சுட்ட தழும்பா இருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் பட்ட வடுக்கள் அவை. பிள்ளைகள் நாங்கள் யாரும் அதுவரை கவனித்ததில்லை.

“எனக்குத் தெரியும்” என்றார் அம்மா.