தட்டிப் பார்த்தேன், பாஸ்டர்

மெக்கானிக்குக்குக் கதை கட்டத் தெரியாது. வண்டியில் ஒரு சத்தம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. அவராலேயே காரணம் சொல்ல முடியாத சத்தம் இது. அன்றைக்கு வேனில் இருந்தவர்களில் சிலர் இன்னும் நல்லபடியாக இருக்கிறார்கள். அவர்கள் காதிலும் விழுந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அந்த ஊர் பிரஸ்பிட்டேரியன் சபை மிகப் பழையது. கருங்கல் சுவர், ஆள் உயர ஜன்னல்கள், ஏறும்போதே முனகும் மரப்படிகள். புதன்கிழமை இல்லாதவர்களுக்குச் சாப்பாடு, சனிக்கிழமை துணிமணி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வெள்ளை வேன். நடக்க முடியாத வயசானவர்களை வீட்டுக்கு வீடு போய் ஏற்றிவரும் வேன். அதைப் பல வருஷமாகச் சம்பளம் வாங்காமல் ஓட்டியவர் மெக்கானிக்.

கடைசியாக ஏறுகிறவர் டீச்சர். பாடகர் குழுவுக்குப் பியானோ வாசித்தவர், சபைக் காரியங்களை நடத்தும் மூப்பர்களில் முதல் பெண். தனி ஆள். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"வந்துட்டேன் தம்பி... ஒரே நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் லேசில் முடியாது. கைத்தடியைத் தேடுவார். அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போவார்.

"டீச்சர் ஷூ மாட்டறதுக்குள்ள பிரசங்கமே முடிஞ்சிடும்" என்பார் வேனில் இருக்கும் வயதான தையல்காரர். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த ஞாயிறு மெக்கானிக்கை மூப்பராக நியமிக்கும் நாள். அவர் முழங்காலில் நிற்க, போதகரும் மற்ற மூப்பர்களும் அவர் தலைமேல் கை வைத்து ஜெபிப்பார்கள். முந்தின வாரமே டீச்சர் சொல்லியிருந்தார். "என் கையும் உங்க தலையில இருக்கும், தம்பி."

காலையில் தூறல். கிளம்பவே தாமதமாகிவிட்டது. டீச்சர் தெரு வந்ததும் மெக்கானிக் இண்டிகேட்டரைப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். தன் நாளில் தானே பிந்திப் போய் நிற்பதா?

இண்டிகேட்டரை அணைத்தார். நேராக ஓட்டினார்.

"டீச்சர்?" என்றார் தையல்காரர்.

"இன்னைக்கு வரலையாம்."

ஆலயத்தில் போதகர் கேட்டார். "டீச்சர் எங்க?"

"தட்டிப் பாத்தேன், பாஸ்டர். பதிலே இல்ல. அசந்து தூங்கறாங்க போல."

இரண்டு பொய்யும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதுகூட அப்போது அவருக்கு உறைக்கவில்லை. மணி அடித்தது. ஆராதனை ஆரம்பமானது.

முழங்காலில் நின்றார். தலைமேல் கைகள் வந்தன. சூடான, கனமான கைகள்.

அவற்றுக்கு நடுவே இன்னொன்று... மெலிந்த கை. ஐஸ் மாதிரி இருந்தது.

அது மடங்கியது. விரல் முட்டியால் உச்சந்தலையில் மெல்லத் தட்டியது.

டொக்... டொக்... டொக்...

"ஆமென்" என்றார் போதகர். கைகள் எல்லாம் விலகின. அது மட்டும் விலகவில்லை. மெக்கானிக் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

ஆராதனை முடிந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். பாதி வழியில் பக்கக் கதவில் சத்தம்.

டொக். டொக். டொக்.

"யாரோ தட்டறாங்க, நிறுத்துப்பா" என்றார் தையல்காரர்.

நிறுத்தினார். இறங்கிக் கதவைத் திறந்தார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மறுபடி கிளம்பினார். மறுபடியும் சத்தம்.

தையல்காரர் குனிந்து காது கொடுத்தார்.

"கீழேருந்து வருதுப்பா. தரையில படுத்துக்கிட்டுத் தட்டற மாதிரி..."

எல்லோரையும் இறக்கிவிட்டார். வேனை டீச்சர் தெருவுக்குத் திருப்பினார்.

கதவைத் தட்டினார். அன்றைக்கு முதல்முறையாக, நிஜமாகவே தட்டினார்.

"வந்துட்டேன் தம்பி... ஒரே நிமிஷம்."

அப்பாடா! மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"மெதுவா வாங்க டீச்சர். காலையில நான் வரல... மன்னிச்சிடுங்க."



கைத்தடிச் சத்தம் மட்டும். டக்... டக்...

நெருங்கியது.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"டீச்சர்?"



டொக்.

உள்ளேயிருந்து.

டொக்.

கீழேயிருந்து.

பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு சாவி இருந்தது. அவர் ஓடிவந்து திறந்தார். கதவு பாதிக்கு மேல் நகரவில்லை. பின்னால் டீச்சர் கிடந்தார். ஆலயத்துக்குப் போகும் உடுப்பு. ஒரு காலில் மட்டும் ஷூ. வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. கைத்தடி படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்றார் டாக்டர். காலையிலேயே விழுந்திருக்கிறார். உயிர் போனது ஏறக்குறைய ஆராதனை நேரத்தில்.

அப்படியானால் மத்தியானம் மெக்கானிக்குக்குக் குரல் கொடுத்தது யார்? இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடக்கத்தன்று எப்படியாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மெக்கானிக் போதகரிடம் போனார். வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. பாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். அன்னைக்குக் காலையில நீங்க எவ்வளவு நேரம் தட்டினீங்கன்னு எனக்குத் தெரியும். சர்ச் மணி அடிக்கிற வரைக்கும் கேட்டுதே. விடாம தட்டிக்கிட்டே இருந்தீங்களே... நீங்கதான் வந்திருக்கீங்களேன்னு நான் எட்டிக்கூடப் பாக்கல."

போதகர் கண்களைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கைப் பார்த்தார்.

மெக்கானிக் ஆமாம் என்று தலையாட்டினார்.