எடுக்கச் சொன்ன விளம்பரம்

எங்கள் வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவளுக்குக் கத்திரி என்று பெயர் வைத்தவன் நான்தான். கையில் இருக்கிற கத்திரிக்காக அல்ல, வாய்க்காக. பேன்ட் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி வருகிறவரிடம், "போன தடவையே சாப்பாட்டைக் குறைங்கன்னு சொன்னேன். துணி என்ன ரப்பரா?" என்பாள். நான் எதிர்க்கடையில் ஜிப், நூல், ஊசி விற்கிறேன். நூல் வாங்க வந்தால் பேரம் பேசியே என் பிராணனை வாங்கிவிடுவாள். ஆனாலும் அவள் வராத நாளில் எனக்கு வியாபாரமே ஓடாது.

அவள் புதுத்துணி தைப்பதில்லை. ஆல்டரேஷன் மட்டும்தான். வேறு யாரோ கெடுத்து வைத்ததைப் பிரித்துச் சரிசெய்து பிழைத்தாள். அம்மா கைக்குழந்தையாக விட்டுப்போன தங்கையை அந்த மிஷினை மிதித்தே ஆளாக்கினாள். தனக்கு வரன் கொண்டுவந்தவர்களை எல்லாம், முதலில் சின்னது காலூன்றட்டும் என்று வாசலோடு அனுப்பிவைத்தாள்.

சின்னது படித்து முடித்து, வேலை தேடி அலுத்து, ஓர் இணையதளத்தில் வந்த விளம்பரத்தை நம்பிக் கடல் தாண்டிப் போனாள். ஹோட்டலில் வரவேற்பாளர் வேலை, தங்குமிடம் இலவசம், முன்அனுபவம் தேவையில்லை. போன புதிதில் விமான நிலையத்தில் எடுத்த போட்டோ ஒன்று வந்தது. அப்புறம் ஒரு குரல் பதிவு.

"அக்கா, இங்க ஹோட்டலே இல்லக்கா. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. வெளிய விட மாட்டேங்கறாங்க."

அதோடு போன் அணைந்துவிட்டது. காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு, வெளிநாட்டு விவகாரம், நாளாகும் என்றார்கள்.

விளம்பரம் மட்டும் போகவே இல்லை. தளத்தைத் திறந்தால் முதல் ஆளாய் வந்து நின்றது. கத்திரிக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இணையதளத்துக்கு எழுதிக் கேட்டாள். நாங்கள் வெறும் மேடை, பதிவிட்டவரே பொறுப்பு என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடை போட்டவன், காசு வாங்கியவன், அயோக்கியனை முன்வரிசையில் நிறுத்தியவன், இவனுக்குப் பங்கே கிடையாதாம். எங்கள் மாடிப்படியில் எவனாவது திருட்டுச் சாமான் விற்றால் வளாகத்துக்காரரைச் சும்மா விடுவார்களா?

விளம்பரத்தின் ஓரத்தில் 'புகார் செய்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. நிறையப் பேர் அமுக்கினால் எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து துணி வாங்க வந்த யாரையும் அவள் விடவில்லை. "தைச்சாச்சு. போனை எடுங்க. இதை அமுக்கிட்டுத் துணியை வாங்கிக்கங்க." பல் டாக்டர் அமுக்கினார், கூரியர்காரர் அமுக்கினார், கோட் வாங்க வந்த மேல்மாடி வங்கி மேலாளர் முறைத்துக்கொண்டே அமுக்கினார். ஒருநாள் காலையில் விளம்பரம் இல்லை. உங்கள் புகாரை ஏற்று நீக்கிவிட்டோம், நன்றி என்று செய்தி வந்திருந்தது. அன்று வளாகம் முழுக்க எல்லோருக்கும் அவள் செலவில் டீ. விலை பேசாமல் நூல் வாங்கினாள்.

சில நாள் கழித்து விசாரணை அதிகாரி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அந்த விளம்பரத்தைப் போட்டது யார் என்று இணையதளக் கம்பெனியைக் கேட்க அப்போதுதான் அவருக்கு உத்தரவு கிடைத்திருந்தது. கம்பெனி பதில் போட்டிருந்தது: பதிவை நீக்கினால் போட்டவரின் விவரங்களும் அழிந்துவிடும், அது எங்கள் நடைமுறை. விளம்பரம் போட்டவர்களின் போன் நம்பராவது உங்களிடம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். விளம்பரத்தில் வேறொரு இடத்தை அமுக்கினால்தான் நம்பர் தெரியும். நாங்கள் அத்தனை பேரும் புகாரை மட்டுமே அமுக்கியிருந்தோம். தங்கையிடம் இருந்த நம்பர் தங்கையோடு போயிற்று.

கம்பெனி மீதாவது வழக்குப் போடலாம் என்று இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் பெண் முன்வந்தாள். நல்ல பிள்ளை, முட்டி மோதிப் பார்த்தாள். கடைசியில் அவளே கோர்ட்டு வராந்தாவில் நின்று மறைக்காமல் சொன்னாள்.

"தெரிஞ்சப்புறம் எடுத்தீங்களான்னுதாம்மா சட்டம் கேக்குது. அவங்க எடுத்துட்டாங்க. அதுக்கு ஆதாரமா உங்க புகாரையேதான் தாக்கல் பண்ணியிருக்காங்க."

கத்திரி பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் பேசினாள். "பிரிக்கறதுக்கு முன்னாடி பழைய தையலைக் குறிச்சு வெச்சுக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான். குறிக்காமப் பிரிச்சுட்டேன் அண்ணே." நான் வராத பஸ்ஸைத் திட்டினேன்.

வழக்குத் தள்ளுபடியானது. கொஞ்ச நாளில் அதே விளம்பரம் மறுபடி வந்தது. படம் வேறு, வாசகம் எழுத்துக்கு எழுத்து அதே. என் விரல் புகாருக்குப் போனபோது என் கையைப் பிடித்துத் தடுத்தாள். இந்த முறை நம்பரைக் குறித்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினோம். வாசகம் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்றாகிவிடுமா என்றார் அவர். புதிதாக உத்தரவு வாங்க வேண்டும், நாளாகும் என்றார்.

புகார் செய்தால் கம்பெனியிடம் இருக்கிற ஆள் விவரமும் அழிந்துவிடும். செய்யாவிட்டால் இன்னொரு வீட்டுப் பெண் போய்ச் சேருவாள். கத்திரி தினமும் அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வேலை ஓடவில்லை. வாடிக்கையாளர்களைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டாள். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு மதியம் என் கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நானே வேலை கேக்கப் போறேன் அண்ணே. அவ இருக்கற எடத்துக்கே என்னைக் கொண்டுபோய் விடட்டும். அது போதும்." நான் வேண்டாம் என்பதற்குள் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

எடுத்தவன் பேச்சில் அப்படி ஒரு பணிவு. வேலை இருக்கிறது என்றான், பாஸ்போர்ட் இருக்கிறதா என்றான், இருக்கிறது என்றாள். வயது கேட்டான். முப்பது என்று சொல்லித் தொலை என்று நான் கையால் ஜாடை காட்டினேன். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நாற்பத்தாறு என்றாள்.



"உங்களுக்கு ஒத்து வராதுக்கா," என்றான் அவன். "வீட்ல தங்கச்சி யாராவது இருந்தா அனுப்பி வைங்க."