‘புண்பட்டிருந்தால்’ வேண்டாம்

மட்டாஞ்சேரித் துணிக்கடை ஒன்றில் நான் சேலை விற்கிறேன். ஓணத் தள்ளுபடிக்காகக் கடையிலிருந்து நேரலை ஓடிக்கொண்டிருந்தது; மேலாளர் கையில் மைக். எதிரே நின்ற ஒரு தமிழ்க்காரம்மாவுக்கு நான் தமிழில் விலை சொன்னேன். உடனே மைக்கிலேயே மேலாளர், “பாண்டிப் பேச்சு உங்க காலனியில் மதி, அங்கேயே போதும். இங்கே பேசினா சேலையிலும் நாத்தம் ஒட்டிக்கும்” என்றார்.

பாண்டி என்பது தமிழர்களான எங்களை இழிவுபடுத்த இங்கே வழங்கும் சொல். சிலர் சிரித்தார்கள். விரித்த சேலையை மடித்தேன். மடிப்பு நேராக வரவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. ‘அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கு’ என்று கடையின் பக்கத்தில் எழுதித் தள்ளினார்கள். மறுநாள் கடை ஓர் அறிவிப்புப் போட்டது: ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்.’

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “அவனை இன்னிக்கே வேலையிலிருந்து பறஞ்சு விடறேன். பிரச்னை தீர்ந்ததல்லோ?”

“வேண்டாம் முதலாளி. அடுத்த கடையில போய் இதே வாயோட நிப்பாரு. சொன்ன இடத்துல, அதே மைக்குல மன்னிப்புக் கேக்கட்டும். ‘புண்பட்டிருந்தால்’ வேண்டாம். புண்பட்டுச்சு.”

“கஸ்டமர் முன்னாலயா?”

“கஸ்டமர் முன்னாலதானே சொன்னாரு?”

அவர் தலையாட்டி மறுத்தார். நான் என் இடத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பிரிவின் மலையாளிப் பெண் என்னைப் பார்த்தாள். “சேச்சி நிக்கறதுன்னா நானும்” என்று அளவு நாடாவைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தளம் முழுக்க வேலை நின்றது. என்ன விஷயம் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், சொன்னோம். அவர்களும் சேலை எடுக்காமல் நின்றார்கள்.

மதியத்துக்குள் முதலாளி இறங்கி வந்தார். பின்னால் மேலாளர். நேரலை தொடங்கியது. மேலாளர் மைக்கை வாங்கினார்.

“யாருக்காவது சங்கடம் ஆயிருந்தா...”

“ஆயிருந்தா இல்ல சேட்டா. ஆச்சு” என்றேன். என் குரல் அத்தனை சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அவர் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார். “நான் பேசினது தப்பு. உங்களை அவமானப்படுத்தினேன். மன்னிக்கணும்.”

முதலில் கைதட்டியது அளவு நாடாக்காரிதான். பிறகு பில் போடுகிறவர்கள், வாடிக்கையாளர்கள், வாசல் காவலாளி. “சரி சேட்டா, மன்னிச்சாச்சு” என்றேன். அன்றைக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தர எல்லாரும் போட்டி போட்டார்கள்.

சுள்ளிக்கல்லில் எங்கள் காலனிச் சந்துக்குள் நுழைந்தபோது, நேரலையைப் பார்த்திருந்த பெண்கள் வாசலில் நின்று விசிலடித்தார்கள். நானும் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. விடவில்லை, திரும்பத் திரும்ப ஊதினேன்.