தேவராஜ் காரின் பாட்டுப் பெட்டி

சென்ற ஞாயிற்றுக்கிழமை, சுரங்க ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைனில் கல்யாணக் கூட்டம். என்ன விசேஷம்? தேவராஜ் தன் காரிலிருந்து பாட்டுப் பெட்டியைக் கழற்றினார். அவ்வளவுதான்! ஒரு கை கழுத்துக் கட்டில் தொங்குகிறது, மறு கையில் ஸ்பேனர். சுற்றி நின்றவர்கள் வாயில், "யார் சொல்லியும் இல்ல, அவராவே கழட்டறாரு பாரு... நல்ல மனசு" என்று பாராட்டு வேறு.

நான் பாராட்டவில்லை. நேரில் சொல்லவும் இல்லை. நாலு ஆண்கள் நிற்கிறார்கள் என்றால் குழாயடிக்குக்கூட சுற்று வழியில் போகிறவள் நான். அதனால் இங்கே எழுதிச் சொல்கிறேன்.

அந்தக் கார் வந்த கதை முதலில். பாலகாட் மைன் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது ஷெட்டில் விட்டுவிட்டுப் போன வண்டி. யுத்தத்துக்கு முந்தியது. அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. தேவராஜ் அதை வாங்கி, எட்டுப் பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை அவருக்கு. சாய்கிற எதையும் நிமிர்த்துகிற கை. ஆறு மாதத்தில் வண்டி ஓடியது. அதில் எனக்கும் சந்தோஷம்தான். எங்கள் லைனுக்கு ஒரு கார்!

ஓடுகிற வண்டியை ஓட்டினால் போதாதா? போதாதாம். அதில் பாட்டு வேண்டுமாம்.

மைன் எலெக்ட்ரிக் ஷாப்பில் வேலை செய்யும் அந்தோணி வந்தார். அவருக்கு எதையும் சிறியதாகச் செய்யத் தெரியாது. ஒரு டெண்ட்டு சினிமாக் கொட்டகையில் ஒதுக்கிப் போட்ட ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்தார். சாப்பாட்டு அலமாரி அளவு. காரில் எங்கே வைப்பது? பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே வைத்தார்கள். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர். அதன் மேலே ரிக்கார்டு பிளேயர்.

ஆக, வண்டியில் உட்கார தேவராஜுக்கு மட்டும் இடம். அவர் மனைவி லோகாவும் இரண்டு பிள்ளைகளும் ராபர்ட்சன்பேட்டை சந்தைக்கு எப்போதும்போல் நடந்துதான் போனார்கள்.

நம் ஊர் ரோடு உங்களுக்குத் தெரியும். வண்டி நாலடி நகர்ந்தால் ரிக்கார்டில் முள் ஒரு சரணத்தைத் தாண்டி அடுத்த சரணத்தில் போய் விழுகிறது. சைக்கிள் டியூபை அறுத்து அதில் பிளேயரைத் தூளி மாதிரி தொங்கவிட்டுப் பார்த்தார்கள். முள் இப்போது பக்கவாட்டில் குதித்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள் — பாட்டு கேட்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட வேண்டியது.

ஓடினால் பாடாது, பாடினால் ஓடாது. இதற்கு ஒரு கார்!

நிறுத்தி எங்கே பாடும்? எங்கள் லைன் நடுவில்தான். வேறெங்கே?

நம் வீடுகளுக்குச் சுவர் மூங்கில் தட்டி, கூரை தகரம். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு ஆண்கள் பகலில் தூங்குவார்கள். வாசலில் பூட்ஸைக் கவிழ்த்து வைத்திருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். அந்த வீட்டுப் பக்கம் யாரும் மிளகாய்கூட இடிக்க மாட்டார்கள். அன்றாடம் சண்டை போடுகிறவர்கள்கூட குரலைத் தாழ்த்தித்தான் திட்டுவார்கள். என் மகனுடைய பூட்ஸ் கவிழ்ந்திருக்கும்; பத்தடி தள்ளி தேவராஜ் கார் பாடும்.

ஒரு தரம் என் மகன் போய்ச் சொன்னான். தேவராஜ் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "ஒரு வாரம் கேளுங்க பெரிம்மா... பழகிடும்."

பழகிவிட்டது. அதுதான் வினை.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. ஸ்விட்ச் போட்டவுடன் பாட்டு வராது. முதலில் அடிவயிற்றில் குத்தியது மாதிரி 'டும்' என்று ஓர் அதிர்வு. தட்டிச் சுவர் நடுங்கும். அலமாரியில் பாத்திரம் கலகலக்கும். அப்புறம்தான் பாட்டு.

வெளியூர் வாசகர்களுக்கு இதில் என்ன என்று தோன்றும். இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் மேலே எங்களுக்கு வரும் முதல் சேதி அதுதான் — ஒரு 'டும்', பிறகு பாத்திரச் சத்தம். சுரங்கத்தில் அபாயச் சங்கு ஊதுவதற்கு நேரம் பிடிக்கும். பாத்திரம் உடனே சொல்லிவிடும். அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, செருப்புகூடப் போடாமல் சுரங்க வாய்க்கு, ஷாஃப்டுக்கு ஓடுவோம். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும்போது அதிலிருந்து இறங்குகிற ஆண் முதலில் பார்ப்பது கேட்டுக்கு வெளியே நிற்கும் தன் வீட்டு முகத்தை. அங்கே அந்த முகம் இருக்க வேண்டும். என் மாமியார் காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

தேவராஜ் முதன்முதலாக அந்தப் பெட்டியைப் போட்ட அன்று லைனே ஓடியது. நானும் ஓடினேன், இந்த முழங்காலோடு. கேட்டில் இருந்த டைம் கீப்பர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, ஊர்வலமா? கீழ ஒண்ணும் ஆவல. போங்க, போங்க." ஷிப்டுக்கு வந்திருந்த ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினோம்.

தேவராஜ் என்ன செய்தார்? வருத்தப்பட்டாரா? டீக்கடையில் அதையே விளம்பரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்! தன் செட்டுக்கு அவ்வளவு பவர் என்று.

அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் நாங்களும் ஒரு முடிவு எடுத்தோம். இனிமேல் 'டும்' என்றால் தேவராஜ் வண்டி. தேவராஜ் ஷிப்டுக்குப் போயிருந்தாலும் அந்தோணி வந்து எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பார். ஆகவே எந்நேரமும் 'டும்' தான். பாத்திரம் கலகலக்கும், நாங்கள் அரிசி புடைப்போம்.

போன மாதக் கடைசியில் ஒரு காலை. தேவராஜ் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். என் மகன் நைட் முடித்து வந்து படுத்திருந்தான்.

'டும்.'

பாத்திரங்கள் ஆடின. ஒரு டம்ளர் உருண்டு விழுந்தது. மகன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, "அந்த வண்டிய நிறுத்தச் சொல்லும்மா" என்றான்.

எனக்கு அன்று கோபம் வந்தது. போய்க் கேட்டுவிடுவது என்று எழுந்தேன். எழுந்தவள் போனேனா? கதவோரம் நின்று என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். 'அந்தோணி தம்பி, உனக்கு நியாயமா' என்று ஆரம்பிக்கலாமா... வேண்டாம், 'கொஞ்சம் மெதுவா வெச்சுக்கப்பா' என்று ஆரம்பிக்கலாமா... இப்படியே அரை மணி நேரம். என்னைப் போன்றவளுக்குக் கோபம் வந்தும் பிரயோஜனம் இல்லை.

நடுவில் ஒன்று மட்டும் உறுத்தியது. பாட்டு இன்னும் வரவில்லையே? முள் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் வெளியே போனேன். கார் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அந்தோணி இல்லை. யாருமே இல்லை. பானெட் திறந்து கிடந்தது. பாட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கந்தல் துணி.

பாட்டரி இல்லாமல் எப்படிப் பாடும்?

லோகா வாசலில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டரி எங்கே என்று கேட்டேன்.

"அது காலையிலயே சார்ஜுக்குப் போச்சே அத்தே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். எண்ணெய்க் கை அப்படியே தலையில் நின்றது. என்னைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். அப்போதுதான் ஷாஃப்ட் பக்கமிருந்து சங்கு கேட்டது. இல்லை, அதற்கு முன்பே ஊதிக்கொண்டிருந்ததா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் ஓடினாள். பின்னாலேயே லைன் ஓடியது.

அன்று கீழே இருந்தவர்கள் எல்லோரும் உயிரோடு மேலே வந்துவிட்டார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனபோது கேட்டுக்கு வெளியே மற்ற லைன் பெண்கள் அவரவர் ஆட்களைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அந்த லைன்களுக்கு தேவராஜ் காரின் புண்ணியம் எட்டவில்லை; 'டும்' என்றதும் ஓடி வந்திருந்தார்கள். எங்கள் லைன் ஆட்கள் நாலு பேர் மட்டும் டைம் ஆபீஸ் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்க நாதியில்லாதவர்கள் மாதிரி. ஓரத்தில் தேவராஜ். முகமெல்லாம் பாறைத் தூள். இடது தோளை யாரோ தலைத்துண்டால் கட்டிவிட்டிருந்தார்கள். கையில் யாரோ கொடுத்த டீ, ஆடை படிந்து, குடிக்காமல்.

கீழே பாறை விழுந்தபோது நடுங்காத மனிதர், பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

லோகாவைக் கண்டதும் எழுந்தார். "ஏன்டி வரல? வூட்டுக்கு இன்னாடி ஆச்சு? கொயந்தைங்க எங்க?"

மேலே அதிர்ந்து வீடுகள் விழுந்துவிட்டன, அதனால்தான் நம் லைனிலிருந்து ஒருத்தரும் வரவில்லை — நாலு பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். வேறு எதை நினைப்பார்கள்? மனைவி வராமல் இருப்பாளா?

லோகாவுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் எண்ணெய் வழிந்தது.

"உங்க வண்டின்னு நெனச்சிக்கினேன்" என்றாள்.

அவர் டீயைக் கீழே வைத்தார். மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பிறகுதான் முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையும், ஸ்பேனரும், நல்ல மனசும்.

நல்ல மனசா? என் மகன் தூக்கம் கெட்டபோது அந்த மனசு எங்கே போயிருந்தது? நாங்கள் வெறுங்காலோடு ஓடி அவமானப்பட்டபோது? ஊரார் படும் சங்கடம் அவருக்கு விளம்பரம். தான் அரை மணி நேரம் தேடுவாரில்லாமல் உட்கார்ந்ததும் ஒரே நாளில் ஞானம். இப்படிக் கழற்றுகிறவரைப் பாராட்டுவதென்றால், பாராட்டுக்கு என்ன மரியாதை?

எங்களையும் நான் விடப்போவதில்லை. எத்தனை வருஷம் இந்தப் பூமியின் மேல் படுத்து எழுந்திருக்கிறோம்! கீழே பாறை வெடிப்பதற்கும் மேலே ஒரு பெட்டி இருமுவதற்கும் வித்தியாசம் தெரியாத காது எங்களுக்கு எப்படி வந்தது? ஒரு நாள் நாலு பேர் சிரித்தார்களாம், அதற்கு வெட்கப்பட்டு ஓடுவதையே விட்டோமாம்.

முந்தாநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம். தேவராஜ் வாசலில் உட்கார்ந்து வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லோகா எதிரில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். லைன் முனையில் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டியது. தட்டி அதிர்ந்தது, பாத்திரம் கலகலத்தது.

லோகா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். தேவராஜ் கூப்பிட்டார், திரும்பவில்லை. வெறுங்காலோடு ஷாஃப்ட் கேட் வரைக்கும் போய்த்தான் நின்றாளாம். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனை விட்டுவிட்டு, அதே புருஷனைத் தேடிக்கொண்டு.

காரிலிருந்த பெட்டியைக் கழற்றியாயிற்று. இதை எந்த ஸ்பேனர் போட்டுக் கழற்றுவது, தேவராஜ்?